பன்னிரண்டாவது கை

நாலேகாலுக்கு அவனுக்கு விழிப்பு வந்தது. அலாரம் கிடையாது. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவள் இல்லாமல் போய் நான்கு மாதம் ஆகியும் அவன் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். காய்ந்திருந்த இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டான். டீ குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குப்பைப் பையை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தான். மணி ஐந்துகூட ஆகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தான்.

ஏழு அடித்ததும் மாமியார் போன் செய்தாள்.

“மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“பொய்.”

“அத்தை, இப்பதான் மணி ஏழு.”

“அந்த ஃபாரத்துல இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுடுவீங்கல்ல? அஞ்சு மணிக்குள்ள வேணுமாம். சங்கச் செயலாளர் எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.”

“உங்களுக்கு ஏன் பண்றார்?”

“நீங்க எடுத்தா ஒரு ‘ம்’ போட்டுட்டு வச்சுடறீங்களாம். பேசறதுக்குன்னே பிறந்தவர், பாவம், யார்கிட்டயாவது பேசணும்ல?”

“சிலையைப் பார்த்துட்டுப் போடறேன்.”

“பார்க்கறதுக்கு என்ன இருக்கு? நம்ம பொண்ணுதானே.”

அதற்கு அவன் ஒரு “ம்” போட்டுவிட்டு வைத்தான்.

அவன் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். முப்பத்தொரு வயது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை ஒன்பது இருபதுக்கு, ஓடிக்கொண்டிருந்த வண்டியில், அவள் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. வண்டி ஓர் இறக்கத்தின் உச்சியில் இருந்தது. கீழே நாற்சந்தி. அவள் வண்டியை ஓரம் கட்டினாள், ஒரு டயர் கடைக்கு முன்னால். கதவுகளைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். உள்ளே இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மறுநாள் செய்தித்தாளில் அவள் படம் வந்தது. படத்துக்குக் கீழே, நடத்துநர் சொன்னதாக, அவளுடைய கடைசி வார்த்தைகள் வந்தன: “எனக்கு என்ன ஆனாலும் சரி, என் பயணிகள் பத்திரம்.”

படித்ததுமே பேப்பரை மடித்து எறிந்தான். ஆறு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன். அவள் வாயிலிருந்து ‘பயணிகள்’ என்ற சொல் வந்து அவன் கேட்டதில்லை. “இன்னைக்கு ஆயிரம் மூட்டை ஏத்தி இறக்கினேன், கால் கடுக்குது” என்பாள். ஏறுகிறவர்கள் எல்லாம் மூட்டை. சில்லறை இல்லாதவர்கள் அவிழ்ந்த மூட்டை. படியில் நின்று போன் பேசுகிறவர்களுக்கு இருந்த பெயரை மாமியார் முன்னால் சொல்ல முடியாது.

ஓட்டுநர் சங்கம் டிப்போ வாசலில் அவளுக்குச் சிலை வைக்க முடிவு செய்தது. களிமண்ணில் உருவம் தயார். இன்று மாலை அச்சு எடுக்கிறார்கள்; அதற்கு மேல் எதையும் மாற்ற முடியாது. அதற்கு முன் கணவன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சிற்பியின் பட்டறைக்குப் போனான்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள். நடுவில் ஒரு மேடை, அதன்மேல் ஈரத் துணி போர்த்திய உருவம். சிற்பி கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மங்கியது. சங்கச் செயலாளர் முன்பே வந்திருந்தார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் மைக். எதிரில் ஒரே ஆள் இருந்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

“வாங்க தம்பி! எத்தனையோ ஓட்டுநர்கள் வந்தாங்க, எத்தனையோ ஓட்டுநர்கள் போனாங்க...”

“துணியை எடுங்க” என்றான் அவன்.

சிற்பி எடுத்தார்.

முகமூடி போட்டது போல உணர்ச்சியற்ற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பயணிகள் எல்லோருக்குமாக அவள் ஒருத்தி. அவள் மடியில் குறுக்காக அவன் மனைவி கிடந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண்கள் தூக்கத்தில் மூடியவை போல் மூடியிருந்தன. ஒரு கை மார்பின் மேல். இன்னொரு கை மடியிலிருந்து நழுவி, விரல்கள் பாதி விரிந்து, தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது. பக்கத்தில் அவளுடைய சீருடைத் தொப்பி உருண்டு கிடந்தது.

அந்தத் தொப்பியை அவள் ஒரு நாளும் தலையில் வைத்ததில்லை. உயரம் போதாதென்று சீட்டில் போட்டு அதன் மேல் உட்காருவாள்.

அவன் கையைப் பார்த்தான். மணிக்கட்டு அவன் மணிக்கட்டைவிடத் தடிமனாக இருந்தது.

“இது யார் கை?”

சிற்பி தொண்டையைச் செருமினார். “என் மச்சான்தான் ரெண்டு நாள் படுத்தான். லேசுப்பட்ட வேலை இல்ல சார், இந்த மாதிரி கையைத் தொங்க விட்டுட்டு அசையாம கிடக்கறது. மரத்துப் போயிடுச்சு அவனுக்கு.”

“இவளுக்கு மீசை மட்டும்தான் பாக்கி.”

“கையை மெலிச்சுடலாம் சார். ஒரு மணி நேர வேலை.”

“அவ விழவே இல்ல” என்றான் அவன்.

“யாரு?” என்றார் மைக்.

“என் பொண்டாட்டி. உக்காந்தபடிதான் இருந்தா. பெல்ட் போட்டிருந்தா. இப்படி யார் மடியிலயும் கிடக்கல.”

சிற்பி உதட்டைப் பிதுக்கினார். “உக்கார வச்சா செத்துப்போனவங்கன்னு எப்படிச் சார் தெரியும்? டிப்போ வாசல் வேற. பஸ்ஸுக்குக் காத்திருக்கற அம்மான்னு நெனைச்சு, ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ன்னு சொல்வாங்க.”

“சொல்லட்டும்.”

“அப்படி இல்ல தம்பி” என்றார் மைக். “வீரம்னா விழணும். விழுந்தாத்தான் ஜனம் நிமிர்ந்து பார்க்கும்!”

“விழுந்து கிடந்தா குனிஞ்சுதானே பார்க்கணும்?”

மைக்குக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் புண்பட்டதைக் காட்டாமல், பெரிய மனது பண்ணி, தோள் பையைத் திறந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார்.

அது அவனுடைய புத்தகம்.

அவன் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறவன். படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டுகிற குறிப்புகளை எழுதுவது அவன் வேலை. ஒன்றுக்கு அறுபது சொற்கள், மேலே போகக் கூடாது. போன வருடம் ‘விழுந்த வீரன்’ என்று ஒரு கண்காட்சி. பதினோரு காட்சிப் பொருள்கள்: கல்லில் செதுக்கியது, எண்ணெய் வண்ண ஓவியம், போர்க்காலச் சுவரொட்டி, ஒரு தபால்தலை, ஒரு தீப்பெட்டி லேபிள்கூட. பார்த்துக்கொண்டே வந்தவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். வாளோடு விழுந்தவன், துப்பாக்கியோடு விழுந்தவன், குதிரையிலிருந்து விழுந்தவன், எல்லோருக்கும் ஒரே கை. ஒருவர் தாங்கிப் பிடித்திருப்பார், ஒரு கை மட்டும் தரையை நோக்கித் தொங்கும். காலம் மாறியது, உடை மாறியது, கை மாறவில்லை. அதைப் பற்றி முப்பத்திரண்டு பக்கம் எழுதினான். எழுதி முடித்தபோது பெருமை தாங்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அவள் பதினொன்றையும் பார்த்துவிட்டு, “எல்லாரும் எப்படி இவ்வளவு அழகாச் செத்திருக்காங்க? ஒருத்தனுக்கும் வாய்கூடக் கோணலையே?” என்று கேட்டாள். காவலாளி சிரித்தார். இவனுக்குக் கோபம் வந்தது.

மைக் புத்தகத்தை விரித்தார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். உரக்கப் படித்தார்.

“‘தலை பின்னால் சாய்கிறது, முகத்தில் வலி இல்லை, உறக்கம் இருக்கிறது. தொங்கும் கை பார்ப்பவரை நோக்கி நீள்கிறது. அந்தக் கை இல்லாவிட்டால் அது வெறும் பிணம்; அந்தக் கையால்தான் அவன் வீரன்.’ என்ன எழுத்து தம்பி! இதை வச்சுத்தான் சிற்பிகிட்ட ஒவ்வொரு வரியாச் சொல்லிச் செஞ்சோம். உங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டுமேன்னு.”

“ஒவ்வொரு வரியாவா?”

“தொங்கற கைக்கும் தரைக்கும் ஒரு விரல் இடைவெளி. இருபத்தேழாம் பக்கம்” என்றார் சிற்பி, பணிவாக.

யார்மீது கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொட்டகையில் அதற்குத் தகுந்த ஆள் அவன் ஒருவன்தான் இருந்தான். தீப்பெட்டி லேபிளுக்காக எழுதின வரி. அதைப் பிடித்துக்கொண்டு போய் அவளைப் படுக்க வைத்துவிட்டார்கள். பதினோரு கைகளோடு இது பன்னிரண்டு.

“நிமிர்த்தி உக்கார வைக்க முடியுமா?” என்று சிற்பியைக் கேட்டான்.

“உள்ள கம்பிக்கூடு இருக்கு சார். படுத்த வாக்குல வளைச்சது. நிமிர்த்தினா மண்ணு கொட்டிடும். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, கலைச்சுடறேன். ஆனா திரும்பச் செய்ய எனக்கு நேரம் இல்ல.”

மைக் படிவத்தை நீட்டினார். நான்காவது வரி, ‘சிலையின் நிலை: மடியில் சாய்ந்து.’ ஐந்தாவது வரி, ‘பீடத்தில் வெட்டவேண்டிய வாசகம்.’ அதில் அந்த ‘என் பயணிகள் பத்திரம்’ தட்டச்சாகியிருந்தது.

“இது அவ சொன்னதில்ல.”

“பேப்பர்ல வந்திருக்கே தம்பி.”

“அவ இப்படிப் பேசவே மாட்டா.”

“அப்ப என்ன சொன்னாங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க. முந்தி ஒரு ஓட்டுநருக்குப் பலகை வச்சப்ப நாங்க ரெண்டு வார்த்தை மெருகு ஏத்தினோம். அவர் சம்சாரம் டிப்போ வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க, மூணு நாள் ஒரு வண்டி வெளிய போகல. அன்னைக்குப் போட்டோம் விதி. குடும்பம் என்ன எழுதுதோ, ஒரு எழுத்து மாறாம வெட்டணும். அது கமா போட்டா நாங்களும் கமா போடுவோம்.” கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு மணி தம்பி.”

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றான். வந்த பேருந்தில் ஏறவில்லை. மாமியாருக்குப் போன் செய்தான்.

“பார்த்தேன் அத்தை. நல்லா இல்ல. வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். பிறகு அது நின்றது.

“மூஞ்சி அவளை மாதிரி இல்லையா?”

“மூஞ்சி பரவால்ல. படுத்திருக்கா. யாரோ ஒருத்தி மடியில. அப்படி நடக்கவே இல்ல அத்தை. அது என் புத்தகத்தைப் பார்த்து...”

“யாரு மடியில?”

“யாரும் இல்ல. சும்மா ஒரு பொம்பளை.”

“பிடிச்சிருக்காளா?”

“என்னது?”

“அந்தப் பொம்பளை. எம்பொண்ணைக் கெட்டியாப் பிடிச்சிருக்காளா?”

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“எனக்குப் படிப்பு இல்ல மாப்பிள்ளை. கைகால் எப்படி இருக்கணும்னெல்லாம் தெரியாது. அன்னைக்கு நான் பக்கத்துல இல்ல. நீங்களும் இல்ல. அங்கயாவது ஒருத்தி அவளைப் பிடிச்சுக்கட்டுமே. அது பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நட்டம்?”

யாருக்கு நட்டம் என்று அவனுக்குத் தெரியும். “அப்புறம் பேசறேன்” என்று வைத்தான். எதிரில் இருந்த குப்பைத் தொட்டியை ஓர் உதை விட்டான். அது சிமென்ட் தொட்டி. கால் கட்டைவிரல் வலி டிப்போ வரை கூடவே வந்தது.

நடத்துநர் இப்போது வண்டியில் போவதில்லை. அந்த நாளுக்குப் பிறகு கெஞ்சிக் கேட்டு டிப்போவுக்குள் வேலை வாங்கிக்கொண்டார். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பாதுகாக்கும் அறை. ஐம்பத்தைந்து வயதுக்காரர். விசில் ஊதுவதில் பேர் போனவர். அவள் அவரை “விசிலண்ணே” என்றுதான் கூப்பிடுவாள். அவன் போனபோது மேசைமேல் பதினாறு குடைகளைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“உக்காருங்கண்ணே. ஒரு விஷயம் கேட்கணும். அவ என்ன சொன்னா?”

“பேப்பர்ல...”

“பேப்பர்ல வந்தது வேணாம்.”

அவர் ஒரு குடையை எடுத்து விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். “பயணிகள்னு சொல்லல தம்பி. ஜனங்க பத்திரம்னுதான் சொன்னா. பேப்பர்க்காரங்கதான் மாத்திட்டாங்க.”

“அண்ணே.”

“என்ன?”

“அவ ஜனங்களை என்னன்னு சொல்வா?”

அவர் குடையைக் கீழே வைத்தார். முகம் இறங்கிவிட்டது. “மூட்டை” என்றார்.

அறைக்கு வெளியே ஒரு வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. யாரோ “வா, வா, வா, போதும்” என்று கத்தினார்கள். அது நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

“காலையிலேருந்தே கழுத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. என்னம்மான்னேன். தலையணை சரியில்லண்ணேன்னா. அந்த இறக்கத்துக்கு முந்தின ஸ்டாப்ல ஒரு கார்க்காரன் பின்னால ஒட்டிக்கிட்டான். ஒரே ஹாரன். விடவே இல்ல. அவ வண்டியை ஓரம் கட்டினா. அவனுக்கு வழி விடறான்னு நெனைச்சேன். அவன் போயிட்டான். வண்டி எடுக்கல. கதவு திறந்திருக்கு, ஏறவும் ஆள் இல்ல, இறங்கவும் ஆள் இல்ல.” அவர் உள்ளங்கையால் வாயைத் துடைத்தார். “நான் விசில் குடுத்தேன் தம்பி. எடுக்கல. மறுபடி குடுத்தேன். முன்னால ஒருத்தன், ‘என்ன டிரைவரம்மா, தூங்கிட்டீங்களா’ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மூணாவது தடவை நல்லா நீட்டிக் குடுத்தேன். செத்துப்போனவளுக்கு மூணு விசில் குடுத்திருக்கேன் நான்.”

“அவளை யாராவது பிடிச்சாங்களா?”

“யாரும் பிடிக்கல. பெல்ட்தான் பிடிச்சுக்கிட்டிருந்தது. நான் போய்த் தோளைத் தட்டினப்பதான் தலை சாஞ்சுது.”

“கை?”

“ரெண்டு கையும் மடியில. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தா. நியூட்ரல் பண்ணியிருந்தா. வழி விடறதுக்கு எதுக்குத் தம்பி ஹேண்ட் பிரேக்? அது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. தெரிஞ்சுதான் போட்டிருக்கா.” அவர் மூக்கை உறிஞ்சினார். “பேப்பர்க்காரங்க வந்து கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேட்டாங்க. மூணு விசிலைச் சொல்லவா? கூட்டம் சிரிச்சதைச் சொல்லவா? அவ சொன்னதைத்தான் சொல்ல முடியுமா? ஏதோ வாயில வந்ததைச் சொன்னேன். படத்துல எல்லாம் அப்படித்தானே சொல்வாங்க.”

“அப்ப அவ ஏதோ சொல்லியிருக்கா.”

“அது கல்லுல வெட்டற மாதிரி இல்ல தம்பி. அந்தக் கார்க்காரனைத் திட்டினா. விட்டுடுங்க.”

அவன் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தான். நான்காய் மடித்து நசுங்கியிருந்தது. குடைகளை ஓரமாக ஒதுக்கி மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினான். நான்காவது வரியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். மடியில் சாய்ந்து. அடித்துவிடலாம். ஒரு கோடு போதும். கொட்டகையில் மண் கலைந்துவிடும், எல்லாம் முடிந்தது. பேனா முனையை அந்த வரியில் வைத்தான். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்ட குரல் காதில் நின்றது. பிடிச்சிருக்காளா?

பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்தான். மடி மாமியாருக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கையை மட்டும் மெலிக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினான். தொப்பியை எடுத்துவிட வேண்டும் என்று அதற்குக் கீழே எழுதினான்.

பிறகு ஐந்தாவது வரியில் பயணிகளை அடித்தான். ஒரு கோடு போதாமல் நாலைந்து கோடு போட்டான். தாள் கிழிந்தது. கிழிசலுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

“சொல்லுங்கண்ணே.”

“தம்பி, டிப்போ வாசல் அது. போறவன் வர்றவன் எல்லாம் படிப்பான்.”

“படிக்கட்டும்.”

“உங்க மாமியார் படிப்பாங்க.”

“அவங்க வளர்த்த பொண்ணுதானே.”

நடத்துநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்து மாறாமல், கேள்விக்குறி இருந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு, அவன் எழுதினான்:

“இவன் வீட்டு அடுப்புல பாலா பொங்குது? இந்தா, ஓரமாப் போறேன்டா எருமை, முன்னால போய்த் தொலை.”